ஐந்து கிழமைக் குழந்தைக்குக் கண்புரை: சத்திரசிகிச்சை செய்தால் எவ்வளவு பார்வை கிடைக்கும்?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து கிழமை. துடக்குக் கழிவன்று எடுத்த படத்தில் அவனுடைய இடது கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிவதைக் கனடாவில் இருக்கும் என் அக்கா கண்டு சொன்னார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டினோம். பிறவிக் கண்புரை, விரைவில் சத்திரசிகிச்சை வேண்டும் என்கிறார்கள். மாமியோ ஒரு வயதாகட்டும், உடம்பு தேறட்டும் என்கிறார். இவ்வளவு சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா? மற்றப் பிள்ளைகளைப் போலப் பார்வை வருமா? கண்ணுக்குள்ளேயே வில்லை வைத்துவிட முடியாதா?
(சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்)

பதில்: ஒரு வயதுவரை காத்திருக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இருப்பது மாதக் கணக்கல்ல, நாட்கணக்கு.

மாமியின் பயம் விளங்குகிறது. முதியவர்களின் கண்புரையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தாத்தா இரண்டு வருடம் தள்ளிப்போட்டுச் செய்துகொண்டாலும் மறுநாள் பேப்பர் வாசிக்கிறார். அவருடைய மூளை ஐம்பது, அறுபது வருடம் பார்த்துப் பழகியது. உங்கள் மகனின் மூளை இப்போதுதான் பார்க்கக் கற்கிறது. இடது கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால், வலது கண்ணை மட்டும் நம்பி வளர்ந்துவிடும். டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைச் சில மாதங்கள் தைத்து மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்தபோது கண்ணில் குறையில்லை. ஆனால் அந்தக் கண் அனுப்பும் செய்தியை மூளையின் பார்வைப் பகுதி ஏற்கவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. குழந்தைக் கண்புரையில் நாம் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருந்தால், பிறந்து நான்கு முதல் ஆறு கிழமைக்குள் அகற்றுவது நல்லது. இரு கண்ணிலும் இருந்தால் எட்டு முதல் பத்துக் கிழமைக்குள். அதைத் தாண்டினால் கண்கள் ஓயாமல் ஆடத் தொடங்கலாம். தொடங்கிய ஆட்டம் முழுதாக நிற்பது அரிது. நான்கு கிழமைக்கு முன்பே செய்தாலோ பிற்காலத்தில் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. உங்கள் மகன் இப்போது சரியான வயதில் இருக்கிறான். மயக்க மருந்தைப் பொறுத்தவரை, கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய வைத்தியர் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்வார்கள். அதற்காகக் கொழும்புக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். பால் கொடுப்பதை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்கிறார்களோ அத்தனை மணிக்கு நிறுத்துங்கள். அழுகிறானே என்று ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இனிப் பார்வை. இங்கே இனிப்பாகப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகம். அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரை, ஒரு கண்ணில் பிறவிக் கண்புரை இருந்த, ஒன்று முதல் ஏழு மாதத்துக்கு உட்பட்ட 114 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். புரையை எடுக்கும்போது கண்ணின் இயற்கை வில்லையே போய்விடுகிறது; அதற்கு ஈடாகப் பாதிப் பேருக்குக் கண்ணுக்குள் செயற்கை வில்லை. மறுபாதிக்குக் கருவிழியின் மேல் அணியும் தொடுவில்லை (contact lens). பத்தரை வயதில் பரிசோதித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்த கண்ணில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு அந்தக் கண்ணில் 6/60 அல்லது அதைவிடக் குறைவு. 6/12 என்றால் நல்ல கண் 12 மீற்றரில் படிப்பதை 6 மீற்றரில் படிக்கக்கூடிய பார்வை; 6/60 என்றால் பரிசோதனை அட்டையின் பெரிய எழுத்தை மட்டும் படிக்கக்கூடிய பார்வை. உங்கள் மகனின் மற்றக் கண் நல்ல கண். பள்ளிக்கூடம், படிப்பு, விளையாட்டு எதற்கும் அது போதும். இடது கண்ணுக்கு நாம் பாடுபடுவது, பக்கப் பார்வைக்கும், நாளைக்கு வலது கண்ணுக்கு ஏதும் நேர்ந்தால் துணையாக ஒன்று இருப்பதற்கும். என் கணக்கில் அது சிறிய விடயமல்ல.

கண்ணுக்குள் வில்லை வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதே ஆய்வில் இரு பிரிவினரின் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உள்ளே வில்லை வைத்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு ஐந்து வயதுக்குள் மீண்டும் கண்ணுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மற்றப் பிரிவில் 21 சதவீதம்தான். கைக்குழந்தையின் கண்ணில் அழற்சி அதிகம், புரைபோன்ற சவ்வு திரும்ப வளரும். கண்ணும் வளர்கிறது: பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீற்றர் நீளம், வளர்ந்தபின் சுமார் 23. இன்று பொருந்தும் வில்லை மூன்று வயதில் பொருந்தாது. ஆகவே இந்த வயதில் புரையை அகற்றி, தொடுவில்லை அணிவித்து, பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகு உள்வில்லை வைப்பதையே நான் விரும்புவேன். தொடுவில்லைக்குப் பதில் மூக்குக் கண்ணாடி பொருந்தாது; ஒரு கண்ணுக்கு மட்டும் தடித்த கண்ணாடி போட்டால் இரு கண்ணின் படங்களும் வெவ்வேறு அளவில் விழும்.

ஆனால் தொடுவில்லையைக் கழுவி மாட்டுவதும், தொலைந்தால் உடனே இன்னொன்று வாங்குவதும் உங்களால் முடியுமா என்று வீட்டில் நேர்மையாகப் பேசுங்கள். தொலைந்த வில்லைக்காகக் கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர் போகவேண்டி வந்து, பிள்ளை கிழமைக் கணக்கில் வில்லையில்லாமல் இருக்கும் நிலை என்றால், உள்வில்லையே மேல். அந்த ஆய்வாளர்களின் முடிவும் ஏறத்தாழ இதுதான். இதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பணவசதியும் போக்குவரத்தும் மருத்துவ முடிவின் பகுதிகள்தாம்.

சத்திரசிகிச்சைக்குப் பின் தொடங்குவதுதான் பெரிய வேலை: நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடுவது. முதல் எட்டு மாதங்களுக்கு, பிள்ளையின் வயது எத்தனை மாதமோ நாளொன்றுக்கு அத்தனை மணித்தியாலம் என்பது அந்த ஆய்வில் பின்பற்றிய அளவு. அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி. உங்கள் வைத்தியர் சொல்லும் அளவு வேறுபடலாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரம் கணக்கில் வராது. பால் குடித்து முகம் பார்த்துச் சிரிக்கும் நேரத்தில் ஒட்டுங்கள். பளிச்சென்ற நிறப் பொருட்களைக் காட்டுங்கள். சித்திரை வெயிலில் வியர்த்துத் தோல் சிவந்தால் ஒட்டும் கோணத்தை மாற்றுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பிடுங்கி எறிவான், அழுவான். நல்ல கண்ணை ஏன் கட்டி வைக்கிறாய் என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். இதைத் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தினால் ஆறு மாதத்தில் களைத்துப்போவார். எனவே மாமியை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும். பிள்ளையின் உடம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர், விளங்கிக்கொண்டால் உங்களைவிடக் கண்டிப்பாக ஒட்டுத்துணியைப் பார்த்துக்கொள்வார். எட்டு வயதுவரை ஏதோ ஓர் அளவில் இது தொடரக்கூடும்.

கண் அழுத்த நோய் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வின் குழந்தைகளில் பத்து வருடத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு மேல் அது வந்தது. வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இறுக மூடுதல், ஓயாத கண்ணீர், கருவிழி மங்குதல், கண் பெருத்துக்கொண்டு போதல் ஆகியவற்றைக் கண்டால் கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். முதல் கிழமைகளில் கண் சிவந்து வீங்கிப் பீளை வந்தால் அன்றே ஓடுங்கள். எழுதித் தந்த துளிமருந்தைத் தவிர, தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது.

இது உங்கள் பிழையல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கண்ணில் மட்டும் வரும் பிறவிப் புரைக்குப் பெரும்பாலும் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. கர்ப்பகாலத்தில் வரும் ரூபெல்லாவுக்கும் புரைக்கும் உள்ள தொடர்பை 1941இல் சிட்னியில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் கண்டறிந்தார். தடுப்பூசி வந்தபின் நம் நாட்டில் அது மிக அரிது.

இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒன்று. படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம், அதுவும் காத்திருக்காது. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள். சாவகச்சேரித் தாயே, உங்களுக்கு மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களின் கண்களையும் இதே கிளினிக்கில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த குழந்தை பிறந்தால், வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வருமுன்பே அதன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்படி கேளுங்கள்.