புளியமரம் எத்தனை உயரம்?

வணக்கம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வருடமாக, இன்றைய நகரத்தில் மாயம் நடக்கிற அர்பன் ஃபேன்டஸி, அமானுஷ்யப் பிறவிகளோடு காதல் வருகிற பாராநார்மல் ரொமான்ஸ் வகை ஆங்கில நாவல்களைப் படித்து வருகிறேன். அதிலும் டீமன் வருகிற கதைகள்தான். பதினைந்து படித்திருப்பேன். கூட வேலை செய்யும் தோழி, "பேய்க்கு வாழ்க்கைப்படுற கதையா?" என்று கேலி செய்கிறாள். இதெல்லாம் நேர விரயமா? டீமன் என்பது நம்முடைய பேய்தானா? பழைய புத்தகக் கடையில் கிம் ஹாரிசனின் 'எவ்ரி விச் வே பட் டெட்' கிடைத்தது. மூன்றாம் பாகம் என்று பிறகுதான் தெரிந்தது. நாற்பது பக்கத்தில் மூடிவிட்டேன், ஒன்றும் புரியவில்லை. கடைசியாகப் படித்த நான்கைந்து நாவல்களிலும் டீமன்கள் ஒரே அச்சு. உயரம், தோல் ஜாக்கெட், எரியும் கண்கள். அலுப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் படிப்பது என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதினைந்து நாவலைப் படித்து முடித்துவிட்டுப் படிக்கலாமா என்று கேட்கிறீர்கள். கை கழுவிய பிறகு பந்தியில் உட்காரலாமா என்று கேட்பது போல இருக்கிறது. அந்தக் கேள்வியை அங்கேயே விடுங்கள்.

உங்கள் தோழியை மட்டும் விட மனமில்லை. அவர் சொன்னது பழமொழியில் பாதி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பது முழுசு. இந்த நாவல் வகை மொத்தமும் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது. எந்த மரம், எத்தனை உயரம், எத்தனை முறை ஏற வேண்டும், ஏறாவிட்டால் என்ன நடக்கும்? இதைச் சொல்லாமல் மாப்பிள்ளையின் தோள் அகலத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் நாவல்களைத்தான் நீங்கள் வரிசையாகப் படித்து அலுத்திருக்கிறீர்கள்.

டீமன் நம் பேய் இல்லை. பேய் என்பது செத்தவர். அதற்கு ஊர் உண்டு, பேர் உண்டு, செத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கோடாங்கி உடுக்கையை அடித்து "யார் நீ?" என்று கேட்பதே அதனால்தான். கிறித்தவ மரபின் டீமனோ வீழ்ந்த தேவதூதர். உயிரோடு இருந்ததும் இல்லை, செத்ததும் இல்லை. தமிழ் பைபிள் அதற்கும் 'பிசாசு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டதில் இரண்டும் நம் மனதில் கலந்துவிட்டன. அசுரன், அரக்கன் என்றும் எழுத முடியாது. அவர்களுக்குக் குலமும் நாடும் தவமும் இருக்கின்றன. அதனால் டீமன் என்றே எழுதுகிறேன். நம்மிடம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்கது வேதாளம் ஒன்றுதான். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்கிரமாதித்தன் தலை சுக்குநூறாகும். திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில். அதன் கோரப் பல்லை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அந்த நிபந்தனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் அலுப்புதான் என்னைப் பதில் எழுத வைத்தது. கொஞ்ச நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். டீமன் கதை என்பது கடன் கதை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இதை நீங்கள் கவனிக்காமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

1587இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான, ஆத்மாவைச் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்த ஃபாஸ்ட் என்ற அறிஞரின் கதையைப் பாருங்கள். ஒப்பந்தக் காலம் 24 ஆண்டுகள், கையெழுத்து இரத்தத்தில். 25 ஆண்டுகள் என்று இருந்தாலும் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. எண்ணே இல்லாமல் "ஒருநாள் வந்து கூட்டிப்போவேன்" என்று இருந்திருந்தால் கதையே இல்லை. அதற்கும் வெகுகாலம் முன்னால் தோபித்து நூல் இருக்கிறது. கத்தோலிக்கப் பதிப்பில் தேடுங்கள், புரொட்டஸ்டன்ட் பைபிளில் கிடைக்காது. சாரா என்ற பெண்மேல் ஆசை வைத்த அஸ்மோடியஸ் என்ற டீமன், அவளுக்கு வாய்த்த ஏழு கணவர்களையும் முதலிரவிலேயே கொன்றுவிடுகிறது. எட்டாவதாக வந்தவன் மீனின் இதயத்தையும் ஈரலையும் தணலில் போடுகிறான். புகை தாங்காமல் அது எகிப்துக்கு ஓடுகிறது. பொறாமை பிடித்த டீமன் காதலன் அப்போதே வந்தாயிற்று. அவனை விரட்ட மீனின் எந்த உறுப்பு, எங்கே, எப்போது என்பதையும் அந்தக் கதை கையோடு சொல்லிவிடுகிறது.

பெயர்களுக்கும் பஞ்சமில்லை. யோஹான் வையர் 1577இல் வெளியிட்ட பட்டியலில் 69 டீமன்கள்; 1904இல் ஆங்கிலத்தில் அச்சான 'கொயீஷியா' என்ற மந்திர நூலில் 72. ஒவ்வொருவருக்கும் அரசர், டியூக் என்று பட்டம், கீழே இத்தனை படையணி என்று எண்ணிக்கை. சோம்பேறி நாவலாசிரியர்கள் இங்கிருந்து பேரையும் பட்டத்தையும் மட்டும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு டியூக்கிடம் என்ன கேட்கலாம், அவர் பதிலுக்கு என்ன கேட்பார் என்பதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த தோல் ஜாக்கெட்டுகள் அங்கே தைத்தவை.

சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜிம் புட்சரின் சிகாகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டன், 2001இல் வந்த இரண்டாம் நாவலான 'ஃபூல் மூன்'இல் ஒரு டீமனை மந்திர வட்டத்துக்குள் வரவழைத்துத் தகவல் கேட்கிறார். விலை, அவருடைய முழுப்பெயரில் ஒரு துண்டு. அந்த உலகில் ஒருவரின் முழுப்பெயரை அவர் வாயாலேயே கேட்டு, அதே உச்சரிப்பில் சொன்னால் அவர்மேல் பிடி கிடைத்துவிடும். டிரெஸ்டன் பெயரில் நான்கு பகுதிகள். இரண்டு முன்னமே போய்விட்டன, இன்னும் எத்தனை மிச்சம் என்று வாசகர் விரல் விடத் தொடங்கிவிடுகிறார். ஐந்தாம் நாவலில் இன்னொரு ஏற்பாடு: யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக் காசுகளுக்குள் முப்பது வீழ்ந்த தேவதூதர்கள். காசைத் தொட்டால் உள்ளே இருப்பது உங்களுக்குள் வந்துவிடும். டிரெஸ்டன் தொட்டுவிடுகிறார். ஒரு குழந்தை அதை எடுக்கக் கை நீட்டியதால் முந்திக்கொண்டு தொடுகிறார். நல்ல காரணம் என்பதற்காக விதி தள்ளி நிற்கவில்லை பாருங்கள். அந்த இடத்தில் விதி கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தால் தொடர் அன்றே செத்திருக்கும்.

உங்கள் கையில் இருக்கும் மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். திறந்ததும் ஒரு பெண் இரவில், குளிரில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் காத்திருக்கிறாள். யாருக்காக, எதற்காக என்று தெரியாமல் நாற்பது பக்கம் தாங்கியதே பெரிது. வருவது வசூல்காரர். அல்காலியாரெப்ட் என்ற டீமன், சுருக்கமாக ஆல். பச்சை வெல்வெட் கோட்டு, லேஸ் வைத்த சட்டை, வட்டமான கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஆட்டின் கண்ணைப் போலப் படுக்கைவாக்கில் கீறிய கருமணி. இந்த ஜோடனைக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. முதல் பாகத்திலேயே, அந்தப் பெண்ணான ரேச்சல் மார்கனின் மணிக்கட்டில் ஒரு டீமன் அடையாளம் விழுந்துவிடுகிறது. அது அடைபடாத கடனுக்கான முத்திரை. இரண்டாம் பாகத்தில், பிஸ்கரி என்ற வாம்பயர் தலைவனுக்கு எதிராக ஆல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு அவள் கொடுக்கும் விலை, ஆலுக்கு ஏவலாளாக இருக்கச் சம்மதிப்பது. ஆனால் ஆத்மா தன்னிடமே இருக்கும் என்று ஒரு நிபந்தனை வைத்துவிடுகிறாள். மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் அவளைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். துப்பாக்கியோ காதலனோ வந்து காப்பாற்றவில்லை. இன்னொரு சிக்கலும் ஆலுக்கு உண்டு. புது ஏவலாளை எடுக்க வேண்டுமானால், ஆயிரம் ஆண்டுகளாக வைத்திருந்த பழைய ஏவலாளை விட வேண்டும். இந்த உலகத்தின் மற்ற விதிகளும் இதே இறுக்கம்தான். டீமன்கள் சூரியன் மறைந்த பிறகுதான் இந்தப் பக்கம் வர முடியும், விடிந்தால் திரும்பியாக வேண்டும். அழைக்கும் பெயர் தெரிந்தவர்தான் அழைக்கலாம், வட்டம் முழுசாக இருக்க வேண்டும். டீமன் மந்திரத்தைப் பயன்படுத்தினால் உங்கள் ஆராவில், அதாவது உடலைச் சுற்றிய ஒளியில், கரி படியும். நல்லதற்காகப் பயன்படுத்தினாலும் படியும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் 2014 வரை வந்த 13 பாகங்களில், பிற்பகுதியில் ஆல் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்துபோகும் சிடுசிடு மாமாவாக ஆகிவிடுகிறார். கந்துவட்டிக்காரர் காபி குடிக்க உட்கார்ந்துவிட்டால் பிறகு பயம் எங்கிருந்து வரும்?

காதல் கதைக்கு இது இன்னும் கடினம். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் ரொமான்ஸுக்குச் சொன்ன இலக்கணத்தில் இரண்டே அம்சங்கள்: மையத்தில் காதல், முடிவில் மனநிறைவும் நம்பிக்கையும். அப்படியானால் டீமனின் கடன் கடைசியில் எப்படியாவது தீர்ந்தே ஆகவேண்டும். எப்படித் தீர்கிறது என்பதில்தான் எழுத்தாளரின் யோக்கியதை தெரியும். பெரும்பாலோர் பிடித்துக்கொள்ளும் குறுக்குவழி 'விதிக்கப்பட்ட இணை'. அவன் அவளை ஒருமுறை முகர்ந்து பார்ப்பான், இவள்தான் என்று தெரிந்துவிடும், அதுவரை இருந்த நிலுவை அத்தனையும் தள்ளுபடி. உங்கள் அலுவலகத்தில் ஆதாரச் சீட்டு இல்லாமல் இப்படித் தள்ளுபடி எழுதினால் தணிக்கையாளர் விடுவாரா? அவள் சம்மதித்தாளா என்ற கேள்விக்கு "அவள் உடலுக்குத் தெரிந்திருந்தது" என்கிற மாதிரி பதில் வந்தால் புத்தகத்தை மூடி வையுங்கள். காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று முடிக்காதீர்கள். கணக்குத் தெரிந்தவர்களே இந்தத் தப்பை அதிகம் செய்கிறார்கள்.

லாரிசா ஐயோன் 2008இல் தொடங்கிய 'டெமோனிகா' வரிசை இதே இணை விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் அதற்குக் கெடு வைக்கிறது. நாயகன் டீமன், நியூயார்க்கில் மறைவாக இயங்கும் டீமன் மருத்துவமனையின் டாக்டர். அவன் இனத்து ஆண்களுக்கு நூறு வயதில் ஒரு உருமாற்றம் வரும். அதற்குள் இணை அமையாவிட்டால், இனப்பெருக்கம் தவிர வேறு நினைப்பே இல்லாத மிருகமாகிவிடுவார்கள். அவன் மேசைக்கு வந்து சேரும் நோயாளி டீமன்களை வேட்டையாடுகிறவள். கட்டிடத்துக்குள் வன்முறையைத் தடுக்கும் மந்திரக்காப்பு இருக்கிறது. அது எங்கே ஓட்டையாகிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். கட்டில் காட்சிகள் நிறைய, வன்மையாகவும் இருக்கும். சொல்லவில்லை என்று பிறகு கோபிக்க வேண்டாம்.

என் தேர்வு ரிஷெல் மீட் 2007 முதல் 2011 வரை எழுதிய ஜார்ஜினா கின்கெய்ட் நாவல்கள். சியாட்டிலில் புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஒரு சக்குபஸ், அதாவது ஆண்களை மயக்கும் நரகத்துப் பெண். ஆண்களின் உயிர்ச்சக்திதான் அவள் சாப்பாடு. நல்லவனிடமிருந்து நிறையக் கிடைக்கும், கெட்டவனிடம் சொற்பம். நல்லவர்களைக் கெடுக்க மனமில்லாமல் அவள் கெட்டவர்களையே தேடிப்போகிறாள், அதனால் சீக்கிரம் பசிக்கிறது. உருவம் மாற்றினால் சக்தி செலவாகும், அப்போதும் பசிக்கும். இந்த நிலையில் தனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவரைக் காதலிக்கிறாள். முத்தம் கொடுத்தால்கூட அவர் ஆயுள் குறையும். ஒரே ஒரு விதி, ஆறு நாவல்களுக்குத் தாங்குகிறது. கடைசி நாவலில் நரகத்துடன் அவள் போட்ட ஒப்பந்தப் பத்திரத்தையே வெளியே எடுக்கிறார்கள். மேற்கொண்டு சொன்னால் பாவம். அவளுடைய மேலதிகாரியான டீமன், நடிகர் ஜான் குசாக்கின் தோற்றத்தில் திரிகிறார் என்பது உபரி.

இனி பென்சிலோடு படியுங்கள். முதல் அறுபது பக்கத்துக்குள் டீமன் எப்படி வருகிறது, எதைத் தின்கிறது, எதைத் தரும், பதிலுக்கு எதைக் கேட்கும், கொடுக்காவிட்டால் யார் வந்து வசூலிப்பார்கள் என்பதற்குப் பதில் கிடைக்கிறதா பாருங்கள். கிடைத்த இடத்தில் பக்க எண்ணைக் குறியுங்கள். மூன்றுக்காவது கிடைக்காவிட்டால் அந்த நாவலில் டீமன் இல்லை, ஜிம்முக்குப் போகிற ஒருவர் இருக்கிறார். பாதியில் திரும்பிப் பாருங்கள்: முன்னால் சொன்ன விதி எதுவும் செலவில்லாமல் மாறியிருக்கிறதா? தொடர்களில் இது பெரும்பாலும் நாலாவது ஐந்தாவது பாகத்தில் நடக்கும். போன பாகத்து வில்லனை விடப் பெரிய வில்லன் வேண்டும், அவனை வெல்ல நாயகிக்குத் திடீர்ச் சக்தி வேண்டும், உடனே அவள் அப்பாவே ஒரு டீமன் என்று தெரியவரும். ஓசியில் வந்த சொத்து. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வரிசை கேட்டீர்கள். அர்பன் ஃபேன்டஸியில் ஒரே ஆள் பாகம் பாகமாக வருவதால் ஒன்றாம் எண்ணிலிருந்துதான் படிக்க வேண்டும். ரொமான்ஸில் பாகத்துக்கு ஒரு ஜோடி, நடுவில் நுழைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. 2.5 என்று எண் போட்டிருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வரும் குறுநாவல், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அட்டையில் ஆயுதத்தோடு பெண் நின்றால் பெரும்பாலும் முதல் வகை, சட்டையில்லாத மார்பு இருந்தால் இரண்டாவது. பட்டியல் இவ்வளவுதான், மேலே சொன்ன நால்வர். பதினைந்து பேரைச் சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு அலுப்பு என்று எழுதுவீர்கள்.

மூன்றாம் பாகத்தைப் பழைய கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 'டெட் விட்ச் வாக்கிங்', 'த குட், த பேட் அண்ட் த அன்டெட்' இரண்டையும் தேடிப் பிடியுங்கள். இரண்டாவதன் கடைசி அத்தியாயங்களில் ரேச்சல் ஆலிடம் விலை பேசும் இடத்தை இரண்டு முறை வாசியுங்கள், சொல் சொல்லாக. பிறகு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம்.