பூட்டிய அறையும் நெஞ்சடைப்பும்

கேள்வி: எனக்கு வயது 46. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. காரியங்களை எல்லாம் நானே நின்று நடத்தினேன்; ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனாலே நெஞ்சை அடைக்கிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றனவாம். கடைசி நாளன்று அம்மா செய்த போனை நான் எடுக்கவில்லை. அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாதோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், மதுரை

மருத்துவர் பதில்: போன் விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் கண்ணில் உறுத்துகிறது. அழுகையைவிட அந்தக் குற்ற உணர்வுக்குத்தான் நீங்கள் அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதயம் நன்றாக இருப்பதால் உங்கள் வேதனை பொய்யாகிவிடாது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், மார்புத் தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாக ஓடும். கதவைவிட்டு விலகியதும் தணிந்துவிடும். அந்த நிம்மதிதான் வம்பு. 'விலகியதால் பிழைத்தோம்' என்று உடல் பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதித்தார். நினைக்காதே என்று முதலில் தடுக்கப்பட்டவர்கள், தடை நீங்கியதும் மற்றவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். நம் ஊராக இருந்தால் குரங்கே போதுமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் நெருக்கமான ஒருவரைக் கூடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அறையைத் திறந்து பத்து நிமிடம் உட்காருங்கள். ஒட்டடை அடிக்க இறங்கிவிடாதீர்கள்; காரியங்களை ஓடி ஓடிச் செய்தீர்களே, அதுபோல இதுவும் ஒரு தப்பித்தல்தான். அம்மாவின் கண்ணாடிக் கூட்டையோ தைலப் புட்டியையோ கையில் எடுங்கள். நெஞ்சை அடைக்கும். எழுந்து ஓடாமல், மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, "போனை எடுக்காமல் போய்விட்டேனே அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏறிய படபடப்பு தானாக இறங்கும். அழுகை வந்தால் வரட்டும். அழ ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போன எவரையும் நான் பார்த்ததில்லை. வாரம் இரண்டு முறை இப்படி உட்காருங்கள்.

மாடி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலோ, பழைய இ.சி.ஜி.யை நம்பாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கம் கெட்டு வேலையே ஓடவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் தள்ளிப்போட வேண்டாம்; அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் பேசலாம்.