22 வருஷ சர்வீஸும் மூன்று நிமிடப் பேச்சும்

கேள்வி: நியூஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் இங்கே பப்ளிக் ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (ஊரின் பப்ளிக் ஸ்கூல்களை நடத்தும் அமைப்பு) பள்ளிகளைச் சுத்தம் செய்யும் வேலையைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று ஸ்கூல் போர்டு யோசிக்கிறது. மகளின் பள்ளியில் இருக்கும் கஸ்டோடியன் (கட்டடத்தைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்பவர்) 22 வருஷமாக அங்கே வேலை பார்க்கிறார். பிள்ளைகள் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "வரி குறையும், நல்லதுதானே" என்கிறார். என் அம்மா ஊரில் ஒரு பள்ளியில் ஆயாவாக இருந்தவர். கடைசிவரை தற்காலிக வேலைதான், பென்ஷன் இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தார். அதனாலோ என்னவோ எனக்கு மனசு கேட்கவில்லை. போர்டு மீட்டிங்கில் போய்ப் பேசலாம் என்றால் கணவர், "நாம எச்-1பி விசாவுல இருக்கோம், நமக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போய்ப் பேசுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அந்தக் கஸ்டோடியனிடமே ஒரு வார்த்தை கேட்பது. இன்னொன்று, போர்டு சொல்லும் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கட்டடத்தைச் சுத்தம் செய்வதில் பெரிய செலவு ஆட்களுக்கான செலவுதான். சோப்பு, பினாயில், குப்பைப் பை, தரையைத் தேய்க்கும் மெஷின் எல்லாம் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது. அதனால் ஒரு நிறுவனம், "டிஸ்ட்ரிக்ட் செலவழிப்பதைவிடக் குறைவாகச் செய்து தருகிறேன், எனக்கும் லாபம் வரும்" என்று சொன்னால், அந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்துதான் வர முடியும். ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளம், மருத்துவக் காப்பீடு, பென்ஷன் இவற்றைக் குறைக்கலாம். அல்லது ஒருவர் துடைக்க வேண்டிய சதுர அடியைக் கூட்டலாம். பல இடங்களில் இரண்டும் நடக்கிறது.

முதல் விஷயத்தை உங்கள் கஸ்டோடியனை வைத்தே பாருங்கள். நியூஜெர்சியில் டிஸ்ட்ரிக்ட்டின் நேரடி ஊழியராக இருக்கும் கஸ்டோடியன், பெர்ஸ் என்ற மாநில அரசு ஊழியர் பென்ஷன் திட்டத்தில் இருப்பார். அந்தத் திட்டத்தில் 25 வருஷ சர்வீஸ் முடித்து ஓய்வு பெறும் பள்ளி ஊழியருக்கு, ஓய்வுக்குப் பிறகும் மருத்துவக் காப்பீட்டுக்கு மாநிலத்தின் உதவி உண்டு. அவருக்கு 22 வருஷம் ஆகிறது என்கிறீர்கள். நிறுவனம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டாலும், அதே சட்டையில் வேறொரு லோகோவோடு அவர் அதே வராந்தாவைத் துடைத்தாலும், அந்த 22 அதோடு நின்றுவிடும். மீதி மூன்று வருஷம் அந்தத் திட்டத்தில் சேராது. அமெரிக்காவில் 60 வயதை நெருங்கும் ஒரு மனிதருக்கு மருத்துவக் காப்பீடு என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். உங்கள் அம்மா நினைவுக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இரண்டாவது விஷயம் சதுர அடி. இதைப் பற்றி மீட்டிங்கில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். அமெரிக்க மத்திய கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 2003-ல் பள்ளிக் கட்டடப் பராமரிப்புக்கு ஒரு கையேடு வெளியிட்டது. சுத்தத்தை அது ஐந்து நிலையாகப் பிரிக்கிறது. பெரும்பாலான பள்ளிகளுக்கு வழக்கம் என்று அது சொல்வது மூன்றாம் நிலை. அதற்கு ஒருவர் எட்டு மணி நேரத்தில் 28,000 முதல் 31,000 சதுர அடி வரை பார்க்கலாம். நான்காம் நிலையில் அதே ஆள் 45,000 முதல் 50,000 சதுர அடி பார்ப்பார். அப்போது வகுப்பறையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கூட்ட முடியும், கார்ப்பெட்டுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வேக்குவம், தூசு தட்டுவது மாதம் ஒருமுறை. இது பள்ளிக்குப் பொதுவாக ஏற்கத்தக்கதல்ல என்று கையேடே சொல்கிறது.

உங்கள் மகளின் பள்ளி 90,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்ட்டில் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு 30,000. நிறுவனம் வந்து அதை இரண்டு பேராக்கினால் ஆளுக்கு 45,000. ஒரே ஒரு ஆள் குறைந்ததில் பள்ளி மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஒப்பந்தத்தில் "உயர்தரச் சுத்தம்" என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அந்த வகுத்தல் மாறாது.

இதைப் பெரிய அளவில் சிகாகோ செய்து பார்த்தது. 2014 பிப்ரவரியில் அங்கே கல்வி போர்டு அராமார்க் என்ற நிறுவனத்துக்கு மூன்று வருஷத்துக்குச் சுமார் 26 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. சொடெக்ஸோமேஜிக் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு 8 கோடி. பிரின்சிபால்களுக்கு இனி இந்தத் தலைவலி இல்லை, பள்ளிகள் பளிச்சென்று இருக்கும், பணமும் மிச்சம் என்றார்கள். அந்த ஆண்டு பள்ளி திறந்ததுமே குப்பை எடுக்கவில்லை, ஆள் போதவில்லை என்று பிரின்சிபால்களே புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். நூற்றுக்கணக்கான துப்புரவுப் பணியாளர்களைக் குறைக்கப்போவதாகச் செப்டம்பரில் செய்தி வந்தது. பிறகு 2018-ல் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை, டிஸ்ட்ரிக்ட் தானே நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டது. சோதித்த 125 பள்ளிகளில் 91 தேறவில்லை. எலி எச்சம், அழுக்குக் கழிவறை என்று இருந்தது நிலைமை. 2024-ல் அராமார்க்கோடு இருந்த ஏற்பாட்டை டிஸ்ட்ரிக்ட் முடித்துக்கொண்டது. இடையில் போன பத்து வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போயிருப்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடுகிறது.

சரி, போர்டு ஏன் இந்தப் பக்கம் போகிறது? அவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2010-ல் நியூஜெர்சி கொண்டுவந்த சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பள்ளிக்கான சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. மருத்துவக் காப்பீட்டுச் செலவு அதைவிட வேகமாக ஏறுகிறது. ஒரு பக்கம் ஆசிரியரைக் குறைப்பதா, இன்னொரு பக்கம் கஸ்டோடியனைக் குறைப்பதா என்று வந்து நிற்கிறார்கள். போர்டு உறுப்பினர்களுக்கு இங்கே சம்பளமும் கிடையாது. அவர்களில் பலரும் நம்மைப் போன்ற பெற்றோர்கள்தான்.

இதிலேயே உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பதில் இருக்கிறது. மிச்சமாகும் பணம் வேறொரு ஓட்டையை அடைக்கப் போகும். அவர் வீட்டு வரிச் சீட்டில் அது இறங்கித் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் 'யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்' என்று ஒரு சுருக்கத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். அதில் கட்டடப் பராமரிப்புச் செலவு தனியாகக் காட்டியிருக்கும். மொத்த பட்ஜெட்டில் அது எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். சண்டை போடாமல் காட்டினாலே போதும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் தமிழ்ப் பள்ளிகளில் பல, வார இறுதியில் பப்ளிக் ஸ்கூல் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்கின்றன. நானும் அப்படி ஒரு பள்ளியில் சில வருஷம் தன்னார்வலராக இருந்தேன். வாடகையோடு கஸ்டோடியனின் ஓவர்டைமையும் நாங்கள் கட்டுவோம். முதலில் இருந்தவருக்கு எங்கள் பிள்ளைகள் எந்த அறையில் உட்காருவார்கள், பொங்கல் விழாவுக்கு எத்தனை மடக்கு மேசை வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். பிள்ளை வாந்தி எடுத்தால் நாங்கள் தேடுவதற்கு முன் மரத்தூள் பொடியோடு வந்து நிற்பார். அந்த ஊரில் வேலையை வெளியே கொடுத்த பிறகு, வாரம் ஒரு புது முகம் வந்தது. ஒரு ஜனவரி மாதம், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் அந்தப் பையன் தடுமாற, நாற்பது பிள்ளைகள் குளிரில் வெளியே நின்றார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவனும் இல்லை.

பழைய பள்ளிக் கட்டடங்களில், கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் அறை வேறு இருக்கிறது. நியூஜெர்சியில் அதைக் கவனிக்க 'பிளாக் சீல்' லைசென்ஸ் வேண்டும், கஸ்டோடியன்கள் பலரும் அதை வாங்கி வைத்திருப்பார்கள். காலையில் முதல் ஆளாக வந்து பாய்லரைப் பார்ப்பதும், படிக்கட்டில் பனியை அள்ளி உப்புத் தூவுவதும், தெரியாத ஆள் வாசலில் நின்றால் கவனிப்பதும் அவர்தான். இதில் எத்தனை வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படும் என்று நினைக்கிறீர்கள்?

இனி உங்கள் கணவரின் பயம். அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு அடியும் யோசித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சட்டம் சொல்வதை மட்டும் சொல்கிறேன். நியூஜெர்சியின் பொதுக்கூட்டச் சட்டம் 1975-லிருந்து இருக்கிறது. அதன்படி ஸ்கூல் போர்டு தன் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். கூட்டத்தில் பேச அது தேவையில்லை. வாடகைக்கு இருக்கிறோமே என்றும் தயங்காதீர்கள், வீட்டு உரிமையாளர் கட்டும் சொத்து வரி உங்கள் வாடகைக்குள்தான் இருக்கிறது. ஆனால் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்வார்கள், பல இடங்களில் வீடியோவும் எடுப்பார்கள். இதைக் கணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அதே கேள்விகளை எழுதி போர்டு உறுப்பினர்களுக்கு ஈமெயில் அனுப்புங்கள். குடியுரிமை உள்ள தோழி யாராவது மீட்டிங்கில் அதை வாசிக்கலாம். வீட்டில் நிம்மதி கெடாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது.

அடுத்து, அந்தக் கஸ்டோடியன். மேடையில் அவர் பெயரைச் சொல்லி, அவர் எவ்வளவு நல்லவர் என்று பேச உங்களுக்குத் தோன்றும். அவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அவருக்கு யூனியன் இருக்கலாம், அவர்கள் போர்டோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். உங்கள் நல்ல வார்த்தையே அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. காலையில் மகளை விடும்போது, "மீட்டிங்கில் இதைப் பற்றிக் கேட்கப்போகிறேன், உங்களுக்குச் சரியா?" என்று கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "எங்கள் பள்ளியில் 22 வருஷமாக இருப்பவர்" என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஊர் சின்னது, யாரென்று உடனே தெரிந்துவிடும்.

பேச மூன்று நிமிடம்போலக் கிடைக்கும். முதல் நிமிடத்தை உங்கள் மகளுக்கும் அந்தப் பள்ளிக்கும் கொடுங்கள், மீதியைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரவில் எத்தனை பேர், எத்தனை சதுர அடி, ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை? அந்தப் பணியாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்குமா, இல்லை காப்பீடு கொடுக்காமல் இருக்க வாரம் 30 மணி நேரத்துக்குக் கீழே நிறுத்துவார்களா? இருக்கிறவர்களையே எடுத்துக்கொள்வார்களா? பகலில் இருக்கும் கஸ்டோடியன் மட்டுமாவது டிஸ்ட்ரிக்ட் ஊழியராகவே இருப்பாரா? சொன்னபடி சுத்தம் செய்யாவிட்டால் பணம் பிடிப்பது உண்டா, சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

இன்னொரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். 2020-ல் நியூஜெர்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. யூனியனோடு போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை, அதன் கீழ் வரும் வேலையைப் பள்ளி நிர்வாகம் வெளியே கொடுக்க முடியாது. அது முடிந்த பிறகும், டெண்டர் கேட்பதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே யூனியனுக்கு எழுத்தில் தெரிவித்து, உட்கார்ந்து பேச வாய்ப்புத் தர வேண்டும். வேலை போனவர்களின் சீனியாரிட்டி அழியாது, வெளி ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப அழைக்கப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு. எனவே, "இப்போதைய யூனியன் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, 90 நாள் நோட்டீஸ் கொடுத்தாயிற்றா?" என்று கேளுங்கள். பதில் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏறும். நோட்டீஸ் இன்னும் போகவில்லை என்றால் உங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்கிறது. மகள் வகுப்பில் படிக்கும் மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாக்களிடம் பேச அது போதும்.

எல்லா இடத்திலும் வெளியே கொடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. லைசென்ஸ் உள்ள ஆளே கிடைக்காத சின்ன டிஸ்ட்ரிக்ட்டுகள் இருக்கின்றன. ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் அனுப்ப நிறுவனத்தால் முடியும், அதுவும் உண்மை. ஆனால் உங்கள் ஊரில் 22 வருஷம் நின்று வேலை பார்த்த ஆள் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதை அவர்கள் எல்லார் முன்னாலும் எண்ணால் சொல்லட்டும்.

மீட்டிங் அஜெண்டாவைச் சில நாள் முன்பே இணையதளத்தில் போட்டுவிடுவார்கள், இன்றே பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.