வாசகர் கேள்வி: வளைவில் வெளியே இழுக்கும் கார்

கேள்வி: புரோட்டோன் சத்ரியா நியோ வைத்திருக்கிறேன். செப்பாங் பந்தயத் தடத்தில் நண்பர்களோடு ஓட்டும்போது, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வளைவின் வெளிப்பக்கமே செல்கிறது. அகலமான டயர் மாற்றினால் சரியாகுமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: டயருக்குப் பணம் செலவழிக்குமுன் உங்கள் வலது காலைக் கவனியுங்கள். உங்களுடையது முன்சக்கர இயக்கக் கார்; திருப்புவதும் இழுப்பதும் அதே 2 டயர்களின் வேலை என்பதால், வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திருப்புவதற்கான பிடிமானம் அவற்றில் மிஞ்சுவதில்லை. அந்நேரத்தில் ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவது நிலைமையை மோசமாக்கவே செய்யும். வேகமும் ஏமாற்றும்: 60 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 72 கிலோமீட்டரில் எடுத்தால், தேவைப்படும் பிடிமானம் 44 விழுக்காடு கூடுகிறது.

நேர்ச்சாலையிலேயே பெரும்பகுதி பிரேக் பிடித்து, திருப்பத் தொடங்கும்போது மிதியைச் சிறிது சிறிதாக விடுங்கள். அப்போது எடை முன்டயர்கள்மீது தங்கி, மூக்கு உள்ளே திரும்பும். சட்டென விட்டால் எடை பின்னுக்குப் போய், முன்டயர்களின் பிடிமானம் குறையும். செப்பாங்கின் 14ஆவது வளைவு இதற்கு நல்ல பள்ளிக்கூடம்; அதையடுத்து நீண்ட நேர்ச்சாலை வருவதால், உள்விளிம்பைத் தாமதமாகத் தொட்டு, ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே வேகமெடுங்கள். நம் வெயிலில் டயர் சூடேறிக் காற்றழுத்தம் உயரும் என்பதால், சில சுற்றுகளுக்குப் பின் அதை அளந்து சரிசெய்யுங்கள். செம்பனைத் தோட்டச் சாலையில் மட்டும் இதைப் பழக வேண்டாம். அங்கே லோரிகள் எதிரே வரும்.