காது மிஷினைக் கழற்றச் சொன்னது யார்?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு காதும் மந்தம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். விரிவுரையாளர் பலகையைப் பார்த்தபடியே பேசுவதால் பாதிப் பாடம் புரியாமல் இரண்டு பாடத்தில் ஃபெயில். ஆதரவு அலுவலகத்துக்குப் போகச் சொன்னால் மறுக்கிறான். மற்றபடி குணமான பிள்ளை. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் நாங்கள் சொல்லாமலேயே மிஷினைக் கழற்றி வைத்துவிடுவான். கல்லூரியை எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?
ஒரு தாய், ஈசூன்

பதில்: கல்லூரி இன்னின்ன வசதி செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. உடற்குறையுள்ளோர் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை 2013ல் ஏற்றோம். அதை வைத்து நேரே வழக்குப் போட முடியாது. ஆனால் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஆதரவு அலுவலகம் உண்டு. துணைக்கருவி வாங்க நிதியும் உண்டு. கேட்டால் கிடைக்கும்.

உங்கள் மகன் ஏன் கேட்கவில்லை? 'சொல்லாமலேயே' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பதில் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் அதைத் தானாகக் கற்பதில்லை. வாசல் மணி அடித்ததும் யாரோ அவன் காதைப் பார்த்திருக்கிறார்கள். முறுக்குத் தட்டோடு நிற்கும் அத்தை என்ன கேட்டாலும் தலையாட்டிச் சிரிக்கிறான். அதைக் குணம் என்கிறீர்கள். வகுப்பிலும் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வருகிறான். அவனுக்குக் காது மந்தம் என்று விரிவுரையாளருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சொந்தக்காரர்கள் முன்னால் "இவனுக்குக் காது கேட்பது கஷ்டம், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்" என்று சொல்ல வேண்டியது பெற்றவர்கள் கடமை. பதினேழு, பதினெட்டு வருஷமாக நீங்கள் செய்யாததை, சில மாதமாகப் பார்க்கும் ஒருவர் செய்யவில்லை என்று கோபப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வருகிறது, அம்மா.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. நடப்புக்கு வரும்போது, உடற்குறையைக் காரணம் காட்டி வேலையிடத்தில் பாகுபாடு செய்வதை அது தடுக்கும். மறைத்தே பழகியவன் நாளைக்கு அதை எப்படிப் பயன்படுத்துவான்?

முதலில் நீங்களும் அவன் அப்பாவும் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் காதுப் பரிசோதனை அறிக்கையோடு அவனே அலுவலகத்துக்குப் போகட்டும். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள், அவனுக்காக நீங்கள் பேச வேண்டாம். அடுத்த பருவம் தொடங்குமுன் போகச் சொல்லுங்கள். தேர்வுக்கான ஏற்பாடுகளைத் தேர்வுக்கு முன்பே கேட்க வேண்டும்.