கேள்வி – பதில்: குற்றவியல் படித்தால் துப்பறியும் அதிகாரி ஆகலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கிரிமினாலஜி படித்து, கிரைம் பிராஞ்சில் இன்ஸ்பெக்டர் ஆகப்போவதாகப் பிடிவாதமாகச் சொல்கிறாள். அந்தப் படிப்பைப் படித்தால் அந்த வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: தமிழ்நாட்டில் ஆய்வாளர் பதவிக்கு நேரடி நியமனம் கிடையாது, சார்பு ஆய்வாளராகச் சேர்ந்து, பதவி உயர்வு பெற்றுத்தான் அந்த நாற்காலிக்கு வரவேண்டும். சார்பு ஆய்வாளர்களைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. அதற்குத் தேவை ஏதேனும் ஒரு பட்டம். அது குற்றவியலாகத்தான் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கைரேகைப் பிரிவுக்கு மட்டும் அறிவியல் பட்டம் கேட்கிறார்கள். துணைக் கண்காணிப்பாளராக நுழைய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, ஐ.பி.எஸ். ஆக மத்திய தேர்வாணையம் என்று மற்ற வழிகளும் உண்டு. அங்கும் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாலும் தேர்வு எழுதலாம். கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு முன் மகளின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். சார்பு ஆய்வாளர் தேர்வில் பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர் பிரிவுப் பெண்களுக்கு 159 சென்டிமீட்டரும், பட்டியல் இனப் பெண்களுக்கு 157 சென்டிமீட்டரும் குறைந்தபட்ச அளவு. விளம்பரங்களில் இதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

கிரைம் பிராஞ்ச் என்பதும் தனியாகத் தேர்வெழுதிச் சேரும் வேலை அன்று. துறைக்குள் சேர்ந்தபின் கிடைக்கும் பணியிடம் அது. புலன் விசாரணையையும் சட்டம் ஒழுங்குப் பணியையும் பிரிக்கவேண்டும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் அதைத் தொடங்கவேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே உத்தரவிட்டது. ஆனாலும் பந்தோபஸ்துக்கு ஆள் போதாதபோது வழக்கு விசாரிப்பவரும் லத்தியோடு தெருவில் நிற்பதை நாம் இன்றும் பார்க்கிறோம். இதை மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

என் யோசனை இதுதான்: இளநிலையில் வேதியியல், உளவியல், சட்டம், கணினி ஆகியவற்றில் ஒன்றைப் படிக்கட்டும், காவல்துறைத் தேர்வு கைகூடாவிட்டாலும் அந்தப் பட்டம் சோறு போடும். ஆர்வம் குறையாமல் இருந்தால் முதுநிலையில் குற்றவியலை எடுக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்திலும், நெல்லை அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித் துறைகள் உள்ளன.

கேள்வி: நான் காவல் நிலையத்தில் எழுத்தர் பணி பார்க்கும் காவலர். விசாரணை என்பது ஸ்டேஷனில் அனுபவத்தால் வருவது. வகுப்பறையில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்கிறார்களே, அது எப்படி ஐயா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு உங்கள் மேசை மேல் இருக்கும் வழக்குக் கோப்பு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு கொலை வழக்கில் சம்பவ இடத்துக்குச் செல்லும் அதிகாரி பார்வை மகஜரும் (அங்கே கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் ஆவணம்) மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். ரத்தக்கறை படிந்த மண்ணை ஒரு டப்பாவிலும், சற்றுத் தள்ளி ரத்தக்கறை இல்லாத மண்ணை இன்னொரு டப்பாவிலும் எடுத்து, சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிட்டு, படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அந்த இரண்டாவது டப்பா எதற்கு என்று கேட்டால், ‘வழக்கமாக எடுப்போம்’ என்ற பதில்தான் பல நிலையங்களில் கிடைக்கும். கறை படியாத மண்ணைத் தனியே சோதித்தால்தான், முதல் டப்பாவில் கண்டது அந்த இடத்து மண்ணிலேயே இருந்ததா, குற்றத்தோடு வந்து சேர்ந்ததா என்று ஆய்வகத்தால் பிரித்துச் சொல்லமுடியும். இந்தக் காரணம் தெரிந்தவர், மண் இல்லாத சிமென்ட் தரையிலும் கார் இருக்கையிலும் எதைக் கூடுதலாக எடுக்கவேண்டும் என்பதைத் தானே கண்டுகொள்வார். வழக்கத்தை மட்டும் அறிந்தவர் அங்கே தடுமாறுவார்.

பார்வை மகஜரில் தெருவிளக்கு எந்தக் கம்பத்தில் இருந்தது, அது எரிந்ததா என்ற ஒரு வரியை விட்டுவிட்டால், இரவு 10 மணிக்குக் குற்றம் சாட்டப்பட்டவரை அடையாளம் கண்டதாகச் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டையின் வழியாகவே வெளியே தள்ளிவிடுவார். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்., அதாவது உடனடியாக நீதிமன்றத்துக்கு அனுப்பும் முதல் தகவல் அறிக்கை, நீதித்துறை நடுவரின் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வைத்தே ஒரு வழக்கின் தொடக்கத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மனிதர் பார்த்ததை எப்படி நினைவில் வைக்கிறார், மறுமுறை கேட்கும்போது அந்த நினைவு எப்படி மாறுகிறது, விசாரிப்பவரின் கேள்வியே சாட்சியின் வாயில் எப்படிச் சொல்லை வைத்துவிடுகிறது என்பதைப் பற்றியெல்லாம் உளவியலில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அடையாள அணிவகுப்பை நடுவர் முன்னிலையில், ஒத்த தோற்றமுள்ள பலரை நிறுத்தி நடத்துவதன் நியாயம் அதைப் படித்தால் இன்னும் தெளிவாகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டங்களும் இந்தத் தேவையைக் கூட்டியிருக்கின்றன. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு; இதை முழுமையாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதியச் சொல்கிறது 105ஆம் பிரிவு. கைப்பேசிப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது அதன் ஹாஷ் மதிப்பைக் (பதிவு பின்னர் மாற்றப்பட்டதா என்று காட்டும், கணினி கணக்கிடும் குறியீடு) குறித்துச் சான்றிதழ் தரவேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. ஹாஷ் என்றால் என்ன என்பதை மூத்த ஏட்டையா ஒருவர் அனுபவத்தால் சொல்லித் தர முடியாது.

காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்ற விதி புதிய சட்டத்திலும் நீடிக்கிறது. அந்த வாக்குமூலத்தால் கண்டெடுக்கப்பட்ட பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். அடித்து வாங்கும் வாக்குமூலத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணுபவர், தடயத்தைத் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடுகிறார். இந்தப் பழக்கத்தை நிலையத்தில் சேர்ந்தபின் மாற்றுவது கடினம் என்பதால்தான் அதற்கு முன்பே இதைக் கற்பிக்கவேண்டும் என்கிறேன். மற்றபடி, மகஜர் எழுதும் கைப்பழக்கத்தை எந்தப் பேராசிரியரும் உங்களைப்போலச் சொல்லித் தரமுடியாது. நீங்கள் பட்டம் பெற்றிருந்தால், சார்பு ஆய்வாளர் தேர்வில் துறையினருக்கென உள்ள 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குற்றவியலும் தடய அறிவியலும் ஒன்றுதானே? எதைப் படிக்கலாம்?
– இளநிலை மாணவர், கரூர்

பதில்: இரண்டும் வேறு. ரத்தம், நஞ்சு, தோட்டா, கையெழுத்து ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதிப்பது தடய அறிவியல். வேதியியலோ உயிரியலோ படிக்காமல் அதில் நிற்கமுடியாது. நம் மாநிலத்தில் இதற்கு நீண்ட மரபு உண்டு: இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் அமைந்தது. தனியாகப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. 2009-இல் மாநிலப் பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கிய அது 2020-இல் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று.

குற்றவியலோ சமூக அறிவியல். ஒரு பகுதியில் ஏன் வழிப்பறி கூடுகிறது, சிறையிலிருந்து வந்தவர் ஏன் மறுபடியும் உள்ளே போகிறார், பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு முடிந்தபின் என்ன ஆகிறது என்பவை அதன் கேள்விகள். சிறைத்துறை, நன்னடத்தை அலுவலர் பணி, குழந்தைகள் பாதுகாப்பு போன்ற துறைகளுக்கு இது நேராகப் பயன்படும். சோதனைக் குழாயைப் பிடிக்க விரும்புகிறவர் இதில் சேர்ந்துவிட்டு ஏமாற்றம் அடையக்கூடாது.

கேள்வி: ‘3 மாதத்தில் உரிமம் பெற்ற துப்பறிவாளர் ஆகலாம்’ என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்கிறது. சேரலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். தனியார் துப்பறிவாளர்களுக்கு உரிமம் வழங்கும் மசோதா 2007-இல் கொண்டுவரப்பட்டுச் சட்டமாகாமலே போயிற்று. இல்லாத உரிமத்தைத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுங்கள்.