தோராவும் தேவசித்தமும்: விசுவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு பிரதர், "தோராவைக் கைக்கொள்ளாதவன் தேவசித்தத்துக்கு வெளியே இருக்கிறான்" என்கிறார். உண்மையா?

பதில்: தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்களும் அவற்றிலுள்ள கட்டளைகளும். அதில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை எடுங்கள் தம்பி. முதல் கட்டளைக்கு முன்பே, உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நான் என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார். பஸ்கா முடிந்து, செங்கடலைக் கடந்த பிறகுதான் சீனாய் மலை வருகிறது. கட்டளைகளைக் கைக்கொண்டதற்குக் கூலியாக இஸ்ரவேலர் மீட்கப்படவில்லை. மீட்கப்பட்ட ஜனம் எப்படி வாழவேண்டும் என்று காட்டத்தான் கட்டளைகள் வந்தன. தோராவில் தேவசித்தம் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதைத் தேவனுடைய பிள்ளையாவதற்கு நிபந்தனையாக வைத்தால், தோரா சொல்லும் வரிசையையே தலைகீழாக்கிவிடுகிறோம்.

கேள்வி: அப்படியானால் விருத்தசேதனம், ஓய்வுநாள் எல்லாம் நமக்கு உண்டா?

பதில்: இதே கேள்விக்காகத்தான் கி.பி. 49 வாக்கில் எருசலேமில் அப்போஸ்தலர் கூடினார்கள் (அப்போஸ்தலர் 15). நம் பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தை யூதரல்லாத இந்தச் சீஷர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். அந்தப் புறஜாதி விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று முடிவானது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகிய நான்கையும் விலக்கச் சொன்னார்கள். ஓய்வுநாள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவர் விரும்பி சனிக்கிழமை ஆசரித்தால் தடுக்காதீர்கள். ரோமர் 14 அதற்கு இடம் கொடுக்கிறது. அடுத்தவரை நியாயந்தீர்க்கத்தான் இடமில்லை.

கேள்வி: ஒழுக்கச் சட்டம் நிற்கிறது, சடங்குச் சட்டமும் தேசச் சட்டமும் முடிந்தது என்று பிரித்துவிட்டால் போதாதா?

பதில்: 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தெளிவாக எழுதிவைத்த பிரிவு அது, படிக்க உதவும். ஆனால் தோரா அப்படிக் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. லேவியராகமம் 19:18 பிறனில் அன்புகூரச் சொல்கிறது. அடுத்த வசனமே இரண்டுவகை நூல் கலந்த ஆடை கூடாது என்கிறது. யூத மரபு கட்டளைகளை 613 என்று எண்ணுகிறது. அவற்றில் பல ஆலயம், ஆசாரியர், இஸ்ரவேல் நிலம் சார்ந்தவை. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் பலிகளைச் செலுத்த யாருக்கும் வழியில்லை. அதனால் எதைத் தள்ளலாம் என்று தேடுவதைவிட, ஒவ்வொரு கட்டளையும் கர்த்தருடைய மனதைப் பற்றி என்ன சொல்கிறது, கிறிஸ்து அதை எப்படி நிறைவேற்றினார் என்று கேட்பதுதான் சரியான வாசிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: தோரா விலக்கச் சொன்ன நண்டு, இறால் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம் சிஸ்டர். மாற்கு 7:18-19ஐ வாசியுங்கள். வெளியிலிருந்து வயிற்றுக்குள் போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு அங்கே சொல்கிறார்.

கேள்வி: சரி, அப்புறம் லேவியராகமமும் உபாகமமும் எனக்கு எதற்கு?

பதில்: உபாகமம் 22:8 புது வீடு கட்டுகிறவனை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது, யாரும் விழுந்து சாகக்கூடாது என்பதற்காக. 24:15 ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. லேவியராகமம் 19 வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. பரதேசியாக வந்த மோவாபிய ரூத் பிழைத்தது அப்படி விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கித்தான். தேவசித்தம் என்ன என்று வேலைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் உபவாசமிருந்து கேட்கிறோம். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்குக் கூலி பாக்கி இருந்தால், அந்த விஷயத்தில் தேவனுடைய சித்தம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.